பொன்னையாவின் ஏழு பிள்ளைகள்

3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் தையல் மெஷின் ஓடுவதே கேட்கவில்லை. இன்றைய வேலை: தைக்கிற பைகளுக்கு ஜிப் வாங்க வேண்டும். பால். அப்பாவைத் தேட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சர்வேக்காரர்கள் வருகிறார்கள். பழைய வாக்காளர் பட்டியலில் காலமான அப்பா பெயரைக் காட்டினால்தான் இந்தத் தாராவி வீடு எங்களுடையது. பட்டியல் நெட்டில் இருக்கிறது. மகள் நிஷா மொபைலில் பார்த்தாள். சுடலைமுத்து என்று அப்பா பெயரில் யாருமே இல்லை. கண் எரிச்சல். போதும்.

4, புதன்

பெயரை விட்டுவிட்டு வீட்டு எண்ணை வைத்துத் தேடல். கிடைத்துவிட்டார். "சுட்லாமட்டு. பெண். வயது 41." நிஷாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை, டைப் அடித்தவன் தப்பு.

தந்தை பெயர்: பொன்னையா. அதே வீட்டில் இன்னும் ஆறு ஆண்கள். எல்லாருக்கும் நாற்பதுக்கு முன்னே பின்னே. எல்லாருக்கும் அப்பா பொன்னையா!

"பப்பா, யே பொன்னையா கோன் ஹை?"

யார் இந்தப் பொன்னையா, எனக்கும் தெரியவில்லை. தாத்தா பெயர் இசக்கி. அதைத்தான் எனக்கும் வைத்தார்கள். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா இன்றுவரை என்னை "பெரியவனே"தான்.

5, வியாழன்

மழை விடவில்லை. ஜிப் வாங்கவில்லை. நெருளில் தம்பி வீட்டிலிருக்கும் அம்மாவுக்குப் போன்.

"பொன்னையாவா? ரூம்ல மூத்த ஆளுலே. நாம அப்ப ஊர்ல. ரேஷன் கார்டு அவரு பேருல. வாரவனையெல்லாம் மவன்னு எழுதிருவாரு, இல்லன்னா அரிசி கெடையாது. ஓட்டுக்கும் அதையே எழுதிட்டாவ. மத்தவனெல்லாம் ஊருக்குப் போய்ட்டான், ஒங்கப்பா மட்டும் நின்னுட்டாரு."

"நாளைக்கு தாத்தா பேரு கேட்டா?"

"பொன்னையான்னே சொல்லு. வீடு போயிரக் கூடாதுல்லா."

தாத்தாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது. அலுத்துவிட்டது.

6, வெள்ளி

வெயில். பதினொரு மணிக்கு வந்தார்கள். ஒருவர் பட்டியலைப் பார்த்து, "ஔரத் லிக்கா ஹை", பெண் என்று போட்டிருக்கிறதே என்றார். டைப்பிங் மிஸ்டேக் சாப் என்றேன். தலையாட்டிவிட்டு வம்சாவளிப் படிவத்தை எடுத்தார்.

"தாதா கா நாம்?"

"பொன்னையா."

எழுதிக்கொண்டார். வீடு தப்பித்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

சாயங்காலம் அம்மா போன்.

"எழுதிட்டாவளா?"

"எழுதிட்டாவம்மா."

பிறகு, முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக:

"சாப்பிட்டியாலே, இசக்கி?"