மழை விடியலில் கிளம்பாத ஜீப்

சிஸ்டர்,

இன்று காலை போர்ட் பிளேரில், எங்கள் ஜங்லிகாட் பகுதி முழுக்க மழை. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துச் சலித்துப்போனார். ஈரக்காற்றில் பெட்ரோல் வாடை என் ஜன்னலுக்கு ஏறி வந்ததும், வெள்ளைப் புடவைமேல் ரெயின்கோட்டுடன் நீங்கள் ஜீப்பருகே நின்றது கண்முன் வந்துவிட்டது. நீங்கள் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது. இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. வட அந்தமானில் திக்லிபூருக்கு அப்பால், காடு திருத்திக் குடியேறியவர்களுக்கான சின்ன டிஸ்பென்சரியில் நீங்கள் நர்ஸ், நான் டிரைவர். மழைக்காலம் தொடங்கியதும் ஜீப் காலையில் கிளம்ப மறுத்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றி என் தோள் வீங்கியதுதான் மிச்சம். கார்புரேட்டரைக் கழுவினேன், பிளக்குகளை மாற்றினேன். பேட்டரியும் புதிது. வண்டியை நான் கவனிப்பதில்லை என்று மேலதிகாரி எழுதிவிட்டார். அடுத்த கப்பலில் ஜீப்பை போர்ட் பிளேருக்கு அனுப்புவதாக முடிவு. போனால் எப்போது திரும்புமோ.

நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள்: "காய்ச்சல்னு வந்தா எப்ப ஏறுது, எப்ப இறங்குதுன்னு கேக்காம நான் மருந்து குடுக்கிறதில்ல. இது எப்ப நல்லா கிளம்புதுன்னு பாத்தீங்களா, டிரைவர்?"

நான் கிளம்பாததை மட்டுமே பார்த்திருந்தேன். ஒரு வாரம் நோயாளிச் சீட்டிலேயே குறித்தோம். வெயில் ஏறிவிட்டால் ஒரே சுற்றில் கிளம்பியது. மழையில்லாத விடியலிலும் அப்படித்தான். பெட்ரோலும் பேட்டரியும் மாறவில்லை. அப்படியென்றால் எங்கோ ஈரம் புகுகிறது. எங்கே என்பதுதான் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு விடியலில், வங்காளிக் குடியேற்றக்காரர் ஒருவர் பிரசவ வலியிலிருந்த மனைவியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். குழந்தையின் கை முதலில் வந்திருந்தது. திக்லிபூர் டாக்டரிடம் போயே ஆகவேண்டும். மழை கொட்டியது. ஜீப் கிளம்பவில்லை. "காடி சலேகா, பாய்?" என்றார் அவர், வண்டி ஓடுமா என்று.

ஹேண்டிலை அவர் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னீர்கள். பானெட்டைத் திறந்து, குடை பிடித்து, நாம் இருவரும் குனிந்து பார்த்தோம். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை, அதுவே நல்லதாயிற்று. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிமேல் நீலமாக ஒரு கோடு ஓடி மறைந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய பொறி, மூடியின் மயிரிழை விரிசலில் தங்கிய ஈரத்தின் வழியே கசிந்துகொண்டிருந்தது.

மூடியைக் கழற்றினேன். ஊசி கொதிக்கவைக்கும் ஸ்டவ்வின் சூட்டில் காட்டி உலர்த்தினீர்கள். கத்திமுனையால் விரிசலின் கரியைச் சுரண்டி, மெழுகைச் சொட்டி அடைத்தீர்கள். மாட்டினேன். ஒரே சுற்று. ஜீப் உறுமியது. அந்த மனிதர் ஹேண்டிலோடு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் அவளைத் தாங்கியபடி, வழிநெடுக "நிறுத்தாதீங்க" என்று மட்டும் சொன்னீர்கள். நிறுத்தவில்லை. மத்தியானம் டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்து, "ரெண்டு உசுரும் நல்லாருக்கு. பொம்பளப் பிள்ள" என்றீர்கள். நான் அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள்.

ஜீப் கப்பலேறவில்லை. புது மூடிதான் கப்பலில் வந்தது. என்னைப் பற்றி எழுதிய அதிகாரி அதைத் திருத்தி எழுதும்வரை நீங்கள் அவரை விடவில்லை.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ என்ஜின்களைக் கிளப்பியிருக்கிறேன், சிஸ்டர். எதைத் தொடுமுன்னும், எப்போது நன்றாக ஓடியது என்றே முதலில் கேட்பேன். எந்த ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றீர்கள் என்று யாராவது கேட்டால், டிஸ்பென்சரியில் என்பேன்.