சோபனா திரும்பிப் படுக்கும் பக்கம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகன் ஜெறோமுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நான் சுகம், முழங்காலைத் தவிர. அங்கே நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் முறை, ஆனால் இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. உங்கள் இருவரையும் சுகப்படுத்தும்படி காலைப் பூசையில் கேட்டுவிட்டு வந்து, தேத்தண்ணீரும் குடிக்காமல் இருந்து எழுதுகிறேன். தவராசா மாஸ்டர் வியாழக்கிழமை மெல்பேர்ணுக்கு மகளிடம் போகிறார். கடிதத்தை உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் வாய் திறந்தால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டு வேறு அலுவல் பார்ப்பாய், பக்கத்தில் மருமகள் சோபனாவும் நிற்பாள். எழுதியதை நீ இடையில் வெட்ட ஏலாது.

வீட்டில் குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. குசினிக் கூரையில் இரண்டு ஓடு மாற்றினேன். மான்கள் திரும்பவும் வேலிக்குள் புகுந்து செவ்வரத்தைக் குருத்தை ஒன்றும் விடாமல் தின்றுவிட்டன, நகரசபைக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடித்தாயிற்று. பக்கத்து வீட்டு ஸுல்பிகா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள், நீ கவலைப்பட வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சோபனாவுக்கு மார்பில் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நீ எனக்குச் சொன்னாய், "அவவின்ர நித்திரையக் குழப்பக் கூடாதெண்டு நான் ஹோலில சோபாவில படுக்கிறனான் அம்மா, நான் பிரண்டா முழுக் கட்டிலும் ஆடுது" என்று. என் மகன் இப்படிப்பட்டவன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது, ஸுல்பிகாவிடமும் சொன்னேன். போன மாதம் நீ வேலைக்குப் போயிருந்த நேரம் சோபனா போன் எடுத்தாள். முதலில் மருந்து, பிறகு அங்கத்தைய மழை. அதன் பிறகு கேட்டாள், "மாமி, இடது பக்கத்த வெட்டி எடுத்து வீட்ட வந்து ரெண்டு மூண்டு இரவுதான், அதுக்குப் பிறகு அவர் என்ர அறைக்குள்ள படுக்கிறேல்ல, நான் என்ன பழுதாப்போன சாமானா?" என்று. உன்னிடம் சொல்லிவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். ஒருவர் நம்பிச் சொன்ன கதையை நான் வெளியே விட்டவள் அல்ல, அது உனக்குத் தெரியும். இதை மட்டும் நான் காப்பாற்றப் போவதில்லை. நீ இரக்கம் என்று நினைத்துச் செய்ததை அவள் அருவருப்பு என்று நினைத்து மாதக்கணக்காகச் சுமந்துகொண்டிருக்கிறாள். கடவுள் அவளுடைய உயிரைத் திருப்பித் தந்திருக்கும்போது அவள் தன்னைக் குப்பை என்று நினைத்துக்கொண்டு படுக்கக் கூடாது.

உன் பக்கத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. நீ பாரமான ஆள், முதுகு எலும்பு விலகி வேலைக்கு லீவு போட்டவன், உனக்குக் கட்டியான மெத்தை வேண்டும். அவள் இப்போது ஒரு பக்கமாகத்தான் படுக்கலாம், அந்தக் கட்டி மெத்தையில் அவளுடைய தோளும் இடுப்பும் நோகின்றன. இரண்டு பேருக்கும் ஒத்துவராத மெத்தை அது. அதை எப்படி வாங்கினீர்கள் என்று சோபனாவிடம் கேட்டேன். கடைக்காரப் பெண் இரண்டு பேரையும் படுத்துப் பார்க்கச் சொன்னாளாம், நீ சோபனாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு தூணோடு நின்றாயாம், கடைசியில் இருவரும் மாம்பழம் பார்ப்பதுபோலக் கையால் அமத்திப் பார்த்துவிட்டு வாங்கி வந்தீர்களாம். நான் சிரிக்கவில்லை. நாலு பேர் முன்னிலையில் பெண்சாதியோடு கட்டிலில் சாய்வது எங்கள் வளர்ப்பில் இல்லை. கன்னியர் மடத்தில் எங்களுக்குக் கட்டில் என்ற சொல்லையே தேவையில்லாமல் சொல்ல விடமாட்டார்கள். அந்தக் கூச்சத்தைக் கோவிலிலும் தெருவிலும் வைத்துக்கொள், அது நல்லது. மெத்தைக் கடைக்குப் போகும்போது அதைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கு.

நீ லேற்றெக்ஸ் ஹைபிரிட் என்று ஒரு மெத்தையைச் சொன்னாய், விலையைப் பார்த்துவிட்டுப் பிறகு பேச்சை எடுக்கவில்லை. அது என்னவென்று தெரியாமல் புத்தி சொல்லக் கூடாது என்று ஸுல்பிகாவையும் கூட்டிக்கொண்டு மத்திய வீதியில் கலீலுர் றஹ்மான் நானாவின் மெத்தைக் கடைக்குப் போனேன். மேலே றப்பர் பாலில் செய்த தடிப்பான படை, கீழே ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப் பைக்குள். ஒன்று அமர்ந்தால் பக்கத்தில் இருப்பது அசையாது, அதுதான் அதன் விசேஷம் என்றார். சொன்னால் போதாது, காட்டுங்கள் என்றேன். "அதுக்கு ரெண்டு பேர் படுக்கணும் மிஸ்" என்றார். ஸுல்பிகா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "யா அல்லாஹ், றோட்டால போற சனம் பாத்தா என்ன சொல்லும் அக்கா" என்று முக்காட்டை இழுத்துவிட்டாள். "நான் றோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிறன், நீங்க படுங்க, வாறவங்களுக்குக் கட பூட்டு எண்டு சொல்றன்" என்று அவர் வாசலில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இருவரும் படுத்தோம். முதலில் சாதாரண ஸ்பிரிங் மெத்தை. ஸுல்பிகா ஒருதரம் புரண்டாள், நான் பள்ளத்தில் உருளுவதுபோல அவள்மேல் போய் விழுந்தேன். "அக்கா, உங்கட மகன் சோபாவுக்கு ஓடினது பிழையில்ல" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் மெத்தை இன்னும் ஆடியது. பிறகு மற்றதில் படுத்தோம். அவள் புரண்டாள், எழும்பி இருந்தாள், திரும்பவும் விழுந்தாள். எனக்குத் தெரிந்தது, ஆனால் என்னை அசைக்கவில்லை. அமத்திய இடமும் கையை எடுத்தவுடன் மேலே வந்துவிடுகிறது, புதைந்து கிடந்து எழும்பப் பாடுபட வேண்டியதில்லை. கை ஊன்றி எழும்ப ஏலாத சோபனாவுக்கு அது முக்கியம்.

ஒரு மெத்தைக்குள்ளேயே ஒரு பாதி கட்டியாகவும் மறு பாதி மெதுவாகவும் செய்து எடுக்கலாம் என்றும் சொன்னார். நடுவில் பிளவு தெரியுமா என்று கேட்டேன், கொஞ்சம் தெரியும் என்றார். அப்படியென்றால் மேலே ஒரே படையாக, பிளவை மூடுகிறதுபோல வருவதைத்தான் நீ வாங்க வேண்டும். அப்பா படுக்கையில் கிடந்த காலத்தில் இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு, கால்களைத் துறைமுகத்து நைலோன் கயிற்றால் நான் இறுக்கிக் கட்டியிருந்ததை நீ வந்து பார்த்தாய்தானே. கட்டாவிட்டால் அவருடைய கை நடு இடைவெளிக்குள் விழுந்துவிடும், என்னிடம் வந்து சேராது.

கடைசியில் நானா கேட்டார், "மிஸ், கட்டிப் பக்கம் இடதா வலதா? ஆர் எந்தப் பக்கம் படுக்கிற?" என்று. நீ எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீ என்னிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தாய், "அவ எனக்கு முதுகக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திடுறா அம்மா, தனிய விடச் சொல்றா எண்டு விளங்கிச்சுது" என்று. மகனே, அவளுக்கு வெட்டியது இடப்பக்கம். அவள் இனி வலப்பக்கம் சரிந்துதான் படுக்கலாம். நீ இடப்பக்கம் கிடந்தால் அவள் உனக்கு முதுகைத்தானே காட்ட முடியும்? அதை நீ வெறுப்பு என்று எடுத்தாய், நீ எழும்பிப் போனதை அவள் வெறுப்பு என்று எடுத்தாள். நான் நானாவிடம் கட்டிப் பக்கம் வலது என்று சொன்னேன். வாங்கப் போகிறவள்போலச் சொன்னேன், அவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் அப்படியே சொல்லி எடு. இனி நீ அவளுக்கு வலப்பக்கம் படுக்க வேண்டும். அப்போது அவள் சரிந்தால் உன் முகத்தைத்தான் பார்ப்பாள்.

கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போ, அவளுக்குத் தெரியாமல் வாங்கி வீட்டில் இறக்காதே. இரண்டு பேரும் படுங்கள், உன்னுடைய முதுகு நேராக நிற்கிறதா, அவளுடைய தோள் நோகாமல் இறங்குகிறதா என்று பாருங்கள், அவசரப்பட்டு எழும்ப வேண்டாம். ஆஸ்பத்திரியில் றப்பர் கையுறை பட்டு அவளுக்குத் தடித்ததா என்று டொக்டரிடம் கேட்டபிறகு முடிவெடு, றப்பர் ஒத்துவராதவர்கள் இருக்கிறார்கள். அங்கே சில மாதம் படுத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமாம். படுத்த மெத்தையைத் திருப்பிக் கொடுப்பது எனக்கு அநாகரிகமாகப் படுகிறது, என்றாலும் அது அந்த ஊர் ஒழுங்கு என்றால் வெட்கப்படாமல் செய்.

ஆனால் மெத்தை வர நாளெடுக்கும், அதுவரை காத்திராதே. முதலில் அவளிடம் வாயால் சொல், ஏன் சோபாவுக்குப் போனாய் என்று, நான் எழுதினேன் என்று காட்டாமல் உன்னுடைய சொல்லிலேயே சொல். காயத்தைப் பார்க்க உனக்குப் பயமாக இருந்தால் அதையும் மறைக்காதே, பயம் வேறு அருவருப்பு வேறு என்று அவளுக்கு விளங்கும், அவள் புத்தியுள்ள பிள்ளை. தவராசா மாஸ்டரிடம் ஸுல்பிகா மூதூரில் இருந்து எடுப்பித்த பன்புல்லுப் பாய் ஒன்று கொடுத்துவிட்டிருக்கிறேன், அங்கே புல், ஓலைச் சாமானைச் சோதிப்பார்களாம், விமான நிலையத்தில் மறைக்காமல் காட்டும்படி எழுதியும் ஒட்டியிருக்கிறேன்.

மாதா உங்கள் இருவருடைய படுத்தலையும் எழும்புதலையும் காக்கட்டும். சோபனாவின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை அடையாளம் போடு. மருந்து நேரத்தை அவளிடம் விடாமல் நீ கவனி. பாய் கைக்கு வந்த அன்றைக்கே, கட்டிலைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்துவிட்டு, பாயை அவளுடைய கட்டிலுக்கு வலப்பக்கத்துத் தரையில் விரித்துப் படு. நாளைக்கு என்று வைக்காதே.

உன்மேல் அன்பு குறையாத அம்மா,
பிலோமினா வின்சன்ட்