பாட்டே இல்லாத படம்

ஞாயிறு, இரவு

நேற்றும் இன்றும் அப்பாவோடு டிவியில் இரண்டு படம் பார்த்தேன். நேற்றைய படத்தை எங்கள் கொடைக்கானலில்தான் எடுத்திருக்கிறார்கள். கதை ஒன்றும் தேறாது. ஏரிக்கரையில் அழ ஆரம்பித்த கதாநாயகி, கண்ணைத் துடைப்பதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் மன்னவனூர்ப் புல்வெளியில் நிற்கிறாள்.

“நம்ம வில்பட்டி பஸ்ஸு இப்பிடிப் போனா, நீ வேலை விட்டு வெரசா வந்துருவியே தாயி” என்று அப்பா சிரித்தார்.

இன்றைய படம் நிஜமாகவே நல்ல படம். மகனைத் தொலைத்த ஒரு தாயின் கதை. முழுக்கப் பேச்சுதான், பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. அப்பா கடைசிவரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எப்பிடிப்பா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

என் வாயையே பார்த்தார். “நல்ல படம் தாயி. பாட்டெல்லாம் அருமை.”

கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று இத்தனை மாதமாக அவரிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். நேற்று அவர் சிரித்ததும் கண்ணால் பார்த்ததற்குத்தான், காதால் கேட்டதற்கு இல்லை.

“ஆமாப்பா” என்று சொல்லப் போனேன். சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. அப்பா சந்தோஷமாகத் தலையாட்டினார்.