படுக்கைப் புண்ணுக்கு நான் போட்ட குறியீடு

திருமுல்கேரி,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜெஸ்ஸிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூவரும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, உன் தம்பி யோகேஷ் கச்சிபௌலி டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போய் வருகிறான். போன வாரம் போனில் ஏன் குரல் ஒருமாதிரி இருக்கிறது என்று கேட்டாயே, சளி என்று பொய் சொன்னேன். பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளி வீட்டுக்குப் போனதும் அவர் ஃபைல் என் மேஜைக்கு வரும், படித்துப் பார்த்து ஒவ்வொரு நோய்க்கும் குறியீடு போடுவதுதான் என் வேலை. சென்ற மாதம் ராமசுவாமி என்று ஒரு பெரியவர், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர், இடுப்பெலும்பு முறிந்து பத்தொன்பது நாள் கிடந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் படுக்கைப் புண் என்று இருந்தது. அது வரும்போதே இருந்ததா இங்கே வந்ததா என்று ஒரு எழுத்தில் நான் குறிக்க வேண்டும், இங்கே வந்தது என்றால் ஆஸ்பத்திரியின் கவனக்குறைவு என்று அர்த்தம். சேர்ந்த அன்று நர்ஸ் எழுதிய தாளில் தோல் நன்றாக இருக்கிறது என்று தெளிவாக இருந்தது. எங்கள் மேலாளர் சக்ரபாணி, ஒரு எழுத்துதானே மேடம், வரும்போதே இருந்துச்சுன்னு போட்டுடுங்க, ஆடிட் வருது என்றார். நான் டாக்டருக்கே எழுதிக் கேட்டேன், இங்கே வந்ததுதான் என்று அவர் கையெழுத்துப் போட்டார், அப்படியே குறித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் அந்த வார்டு நர்ஸ் ரோகிணிக்கு, புண் வரவிட்டாள் என்று மெமோ. உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே நர்ஸ் வேலை. என்னிடம் வந்து, இருபத்திரண்டு பேஷண்டுக்கு நான் ஒருத்தி ஆன்ட்டி, யாரைன்னு நான் புரட்டிப் படுக்க வைப்பேன் என்றாள். கத்தவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. பிறகு அந்த வார்டின் பழைய ஃபைல்களை எடுத்துப் பார்த்தேன். ஆறு மாதத்தில் இன்னும் நான்கு படுக்கைப் புண்கள், நான்கும் வரும்போதே இருந்தவை என்று குறித்திருக்கிறது. சேர்ந்த அன்றைய நர்ஸ் தாள்களிலோ தோல் நன்றாக இருக்கிறது என்றே இருந்தது. அதில் மூன்று என் கையால் போட்டவை ஜெஸ்ஸி, நர்ஸ் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், அவசரத்தில். அப்போதே சரியாகப் போட்டிருந்தால் அந்த வார்டுக்கு ஆள் போட்டிருப்பார்களோ, அந்தப் பெரியவருக்கு இந்த வேதனை வந்திருக்காதோ என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. நக்கோ, வேண்டாம் ஸ்டெல்லா, உனக்கு எதுக்கு இந்த வம்பு என்றார் அப்பா. என் தவறையும் சேர்த்து சூப்பரின்டென்டெண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், வார்டுக்கு இன்னொரு நர்ஸும் வந்துவிட்டாள். என்னை வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

நேற்று ராமசுவாமி வீட்டுக்குப் போனேன், மன்னிப்புக் கேட்கத்தான். அவர் மனைவி புண்ணைத் துடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும், ஹவ்மா, ஆமாம்மா, அங்க எல்லாரும் நல்லா பாத்துக்கிட்டாங்க, நீங்க வேற வீடு தேடி வந்திருக்கீங்க என்று டீ போட்டுக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மறுபடி போய்ச் சொல்லியே ஆக வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, டியூட்டியில் யாரையாவது புரட்டிப் படுக்க வைக்க முடியாமல் போனால், முடியவில்லை என்றே நேரம் போட்டு எழுதி வை. என்னைப் போல ஒருத்தி அதைப் படிக்காமல் தள்ளினாலும், நீ எழுதியது அங்கே இருக்கும்.

உன் அம்மா,
ஸ்டெல்லா