இடது முழங்கால் நீங்கலாக நலம்

நாமக்கல்,
வெள்ளிக்கிழமை.

அன்புச் சாமி தீபிகாவுக்கு உன் சித்தப்பன் பெரியசாமி எழுதுவது. இங்கு நான், உன் சித்தி, லாரி, மூன்று ஆடுகள் எல்லாரும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கே டப்ளினில் நீயும் உன் குடையும் நலம்தானே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நாலு புத்திமதி சொல்லிவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதுதான் காரணம். எழுதி முடித்ததும் உன் சித்தி தெய்வநாயகி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவைப்பாள். அசல் பின்னால் தபாலில் வரும், பத்திரப்படுத்து, பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் கேட்பார்கள்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் உனக்குச் சொன்னது போல நான் பாத்ரூமில் வழுக்கி விழவில்லை. சேலம் மாரத்தானுக்காக நீ அனுப்பிய பயிற்சி அட்டவணையில் கடைசி நீண்ட ஓட்டத்துக்கு நேராக, சமமான ரோடு, மெதுவாக, முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தாய். நான்தான் அதைவிடப் புத்திசாலியாயிற்றே. கொல்லிமலைக்கு பஸ்ஸில் ஏறிப்போய் சோளக்காட்டில் இறங்கி, அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஓடியே இறங்கினால் முக்கால்வாசி தூரத்தை மலையே ஓடிக்கொடுத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் உருளவிடாதே, பிரேக் காய்ந்து போகும் என்று எத்தனை டிரைவர்களைத் திட்டியிருப்பேன். அந்த நான் என் சொந்தக் காலை நியூட்ரலில் போட்டு உருளவிட்டேன். என்ன வேகம் என்கிறாய், குரங்குகளெல்லாம் எழுந்து நின்று வழிவிட்டன, காற்று என்னைப் பிடிக்க முடியாமல் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வந்தது. இருபத்தேழாம் நம்பர் பலகைக்குப் பக்கத்தில் முழங்காலின் வெளிப்பக்கம் சுரீரென்றது, அதோடு சரி. வாழைத்தார் ஏற்றிவந்த ஒரு மினி லாரியில் தாரோடு தாராக மீதி மலையை இறங்கினேன். பிசியோ பார்க்கிற வெண்ணிலா என்ற பெண், என் வயதில் பாதிகூட இல்லை, தசைநார் வீங்கியிருக்கிறது, ஆறு வாரம் ஓடவே கூடாது, நான்காவது வாரத்திலிருந்து வலியில்லை என்றால் சம தரையில் நடக்கலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். மாரத்தானுக்கு அப்போது நாலே வாரம் இருந்தது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் கண்ணு, ஆனால் பதினோரு மாதம் பாடுபட்டுச் சேர்த்த மூச்சு எங்கே போய்த் தொலைகிறது என்றுதான் தெரியவில்லை. விடிகாலையில் நான் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டுத்தான் இந்த ஊர்ப் பண்ணைக் கோழிகள் முட்டையே இட்டன, நான் படுத்த மாதம் நாமக்கல்லில் முட்டை உற்பத்தி குறைந்திருக்க வேண்டும், விசாரித்துப் பார். முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து நின்றுகொண்டே டீ குடித்தவன், போன ஞாயிற்றுக்கிழமை வெண்ணிலாவுக்கும் உன் சித்திக்கும் தெரியாமல் பால் சொசைட்டி வரைக்கும் ஓடிப்பார்த்தேன். ரெண்டே கிலோமீட்டர். பாதியிலேயே நெஞ்சு ஓட்டைத் துருத்தி மாதிரி ஊதியது, தொடை இரண்டும் யாரோ இரவல் கொடுத்தது போல இருந்தது, முழங்கால் தன் பங்குக்கு மணி அடித்தது. அந்த நேரம் பார்த்து உன் சித்தியின் தம்பி தனசேகர் மொபெட்டில் பருத்திக்கொட்டை மூட்டையோடு வந்து பக்கத்தில் நிறுத்தி, "ஏனுங்க மாமா, ஏறிக்குங்க, மூட்டைக்கு மேல எடங் கெடக்குது" என்றான். ஏறிக்கொண்டேன். வேறென்ன செய்ய. ஊடு வந்து சேர்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே அவனும் உன் சித்தியும் கூட்டணி போட்டு, சேலத்தில் வெள்ளிக்கிழமை வரைக்கும் பெயர் மாற்றித் தருகிறார்களாம், என் இடத்தைத் தனசேகருக்கு எழுதிக்கொடுத்துவிடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். நீயும் போனில் அதற்குக் கையெழுத்துப் போட்டாய். நீ சொன்ன சொல் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஓடுனது போதுங்க சித்தப்பா, இனி கம்முனு உக்காருங்க."

உன்மேல் கோபம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை நான் இதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். மேட்டூர் ரோட்டில் வண்டி கவிழ்ந்து உன் அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது எல்லாரும் அதையேதான் சொன்னோம். முதலில் சொன்னவன் நான். பாடுபட்டது போதும் அண்ணா, நாங்கள் இருக்கிறோம், நீ உட்காரு என்றேன். அண்ணன் சொல்பேச்சுக் கேட்கிற மனுஷன், உட்கார்ந்தார். டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகும் உட்கார்ந்தே இருந்தார், பாசத்தில் நாங்களும் எழுப்பவில்லை. பிறகு எழ வேண்டும் என்று அவரே நினைத்தபோது காலில் ஒன்றும் மிச்சமில்லை. நீ அப்போது ஆறாவது படித்தாய், உனக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. ரெண்டு வருஷத்துக்கு முன் எனக்குச் சர்க்கரை முந்நூற்றுக்கு மேல் ஏறியபோது ஓடுவதற்கு ஷூ வாங்கி அனுப்பி, எந்திரிங்க சித்தப்பா என்று விரட்டியவள் நீ. அதே வாயால் உட்காரு என்று சொல்லாதே. வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கிறது, அவ்வளவுதான். பர்மிட்டை யாரும் ரத்து செய்யவில்லை.

ஆகையால் இன்று காலை சேலம் போனேன். தனசேகர் புது பனியன் போட்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கூடவே வந்தான். பெயர் மாற்றுகிற மேஜையில் அனிதா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயரை மாற்ற வேண்டாம், நாற்பத்திரண்டு கிலோமீட்டரைப் பத்தாக மாற்று தாயி என்றேன், ஓடவில்லை, நடக்கத்தான் போகிறேன் என்று வெண்ணிலா எழுதிக்கொடுத்த சீட்டையும் காட்டினேன். தனசேகரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றினால்கூட அப்படி இருக்காது. அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "அய்யா, பத்துல பூராவும் ஸ்கூல் பசங்கதாங்க ஓடுவாங்க, நீங்க கடைசியாத்தான் வருவீங்க, பரவாயில்லீங்களா" என்றாள். கடைசியாக வருகிறவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவருக்குப் பின்னாலேயே ஒரு ஆம்புலன்ஸ், ஒரு போலீஸ் ஜீப், தண்ணீர் பாட்டில் பொறுக்குகிற ஒரு லாரி மூன்றும் மெதுவாக வரும், அவர் தாண்டிய பிறகுதான் ரோட்டைத் திறந்துவிடுவோம் என்றாள்.

கேட்டாயா சாமி. முதலில் வருகிற பொடியனுக்கு ஒரு மெடல், அவ்வளவுதான். கடைசியில் வருகிற உன் சித்தப்பனுக்கு வாகன அணிவகுப்பு. நான் கடக்காமல் சேலத்தில் ஒரு டவுன் பஸ் நகர முடியாது. முப்பது வருஷம் எத்தனை ஊர்வலத்துக்கு ஓரங்கட்டி நின்றிருப்பேன், நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாரத்தான் அன்று எல்லாரும் எனக்கு நிற்கட்டும். எடுத்த போட்டோ வீணாகக் கூடாது என்று தனசேகரும் பத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறான். எனக்கு முன்னால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போ, எனக்குப் பின்னால் மட்டும் வந்துவிடாதே, கடைசி இடம் எனக்குப் பதிவாகிவிட்டது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, பிரெட்டை மட்டும் தின்று காலத்தை ஓட்டாதே. உன் சித்தி நிலக்கடலைப் பொடி அனுப்பியிருக்கிறாள், வந்ததா என்று சொல். மழையைச் சாக்குச் சொல்லி நீயும் சேரிலேயே கிடக்காதே. எங்கள் ஆயுசில் பாதியும் எங்கள் ஆடுகளின் ஆயுசு முழுதும் உனக்கே சேரட்டும், நன்றாக இரு. ஒரு வேலை மறக்காதே. பழைய அட்டவணையைக் கிழித்துவிட்டு அடுத்த வருஷத்துத் தேதி போட்டு நாற்பத்திரண்டுக்குப் புதிதாக ஒன்று அனுப்பு. ஒன்றாம் நாளிலிருந்து, முதல் கிலோமீட்டரிலிருந்து எழுது, எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மேலே கொட்டை எழுத்தில், மலை கூடாது என்று போட்டுவிடு.

உன் சித்தப்பன்,
பெரியசாமி,
பத்து கிலோமீட்டர், கடைசி இடம், ஆம்புலன்ஸுக்கு நேர் முன்னால்.