வெள்ளையில் எழுதிய பெயர்

தன்னாமுனை,
தவக்காலம் நான்காம் ஞாயிறு.

அன்பு மகன் ஜொய்சனுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மாதாவின் தயவில் நீயும் லண்டனில் அப்படியே இருக்க வேண்டும். மனதுதான் எனக்குச் சரியில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவாய், நானும் ஓம் ஓம் என்று வைத்துவிடுவேன், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், உன் தங்கச்சி இதைப் படம் எடுத்து அனுப்புவாள். கடிதத்துக்குள் நீ குறுக்கே பேச முடியாது. அப்பா கிரான் வட்டையில், நம் வயலில், நெல் வெட்டு என்று போய் நிற்கிறார், வெட்டுகிற மெசின் வருகிறது வருகிறது என்கிறார்கள், வந்தபாடில்லை, வானம் வேறு மூடிக்கிடக்கிறது. நானும் எழும்பி வாசலுக்குப் போவதும் வந்து இருப்பதுமாய் இருக்கிறேன், இருப்புக் கொள்ளவில்லை.

விஷயம் நீ என் கேக் யாவாரத்துக்குச் செய்து தந்த வெப்சைட்தான். தவக்காலத்தில் எனக்கு ஓடர் குறையும் என்று மாசி மாதம் நீ அதில் ஏதோ திருத்தினாய், இனி யார் தேடினாலும் அம்மாவின் பக்கம்தான் முதலில் வரும் என்றாய். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை, போன் ஓயவில்லை. ஆனால் எடுக்கிற ஆட்களில் பாதிப்பேர் வட்டிலப்பம் செய்கிற ஏறாவூர் றம்லாவா என்றுதான் கேட்கிறார்கள். கட்டாரில் வேலை செய்கிற ஒரு பிள்ளை, நோன்புப் பெருநாளைக்குத் தன் உம்மா வீட்டுக்கு வட்டிலப்பம் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டது. நான் கேக் அடிக்கிறவள், முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கிற வட்டிலப்பம் எனக்கு ஏது. றம்லாவின் நம்பரைச் சொன்னால் சிலர் எழுதிக்கொள்கிறார்கள், சிலர் பரவாயில்லை, கேக்கையே அனுப்புங்க என்று விடுகிறார்கள். வீடு தேடி வந்த யாவாரத்தை ஏன் ஏறாவூருக்கு அனுப்புகிறாய் என்று அப்பா கேட்கிறார். அவருக்கு என்ன, றம்லாவின் முகத்தில் முழிக்கப்போவது நான்.

போன புதன்கிழமை றம்லாவின் மகள் இர்ஷானா வந்தாள், உன்னோடு டியூசனுக்குப் போனவள், இப்போது கொம்பியூட்டர் படிப்பிக்கிறாள். நோன்போடு வந்த பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க முடியவில்லை. தன் போனில் உம்மாவின் பெயரைத் தட்டினாள், நம்முடைய பக்கம்தான் மேலே வந்தது, அவர்களுடையது எங்கேயோ கீழே கிடந்தது. பிறகு நம் பக்கத்தின் அடியில் வெறும் வெள்ளையாய்க் கிடந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தி இழுத்தாள். அந்த வெள்ளைக்குள் இருந்து எழுத்துகள் வந்தன மகன். றம்லா வட்டிலப்பம், ஏறாவூர் றம்லா, றம்லா பெருநாள் வட்டிலப்பம் என்று செபமாலை சொல்வது போலத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறாய். வெள்ளையில் வெள்ளையாய் எழுதினால் மனிதர் கண்ணுக்குத் தெரியாதாம், தேடுகிற மெசின் மட்டும் வாசிக்குமாம், இது பழைய கள்ளமாம். மாமி, நீங்க செய்யல்ல எண்டு எனக்குத் தெரியும், உம்மாக்கிட்ட நான் இன்னும் சொல்லல்ல என்றாள். கண்டுபிடித்தால் நம் பக்கத்தைத் தேடலில் இருந்தே தூக்கிவிடுவார்களாம். தூக்கட்டும், அதற்கு எனக்குப் பயமில்லை. இந்தப் பெருநாளை நம்பி றம்லா வாங்கி வைத்த முட்டையும் கித்துள் கருப்பட்டியும் அப்படியே கிடக்கிறது என்று இர்ஷானா சொன்னதுதான் எனக்குப் பெரிது. புருஷன் மௌத்தான பிறகு அந்த வீட்டை நிமிர்த்தியது அவள் கை வட்டிலப்பம்தான், அது உனக்கும் தெரியும்.

அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன். அம்மா, இது எல்லாரும் செய்யிறதுதான், எடுத்தா எங்கட பக்கம் கீழ போயிரும் என்றாய். போகட்டும். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று நல்ல யாவாரம் பழகியிருக்கிறாய். ஊரில் உள்ளவர்களின் பக்கங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவதுதானே நீ அங்கே பார்க்கிற உத்தியோகமும், அங்கேயும் இப்படித்தானா?

நேற்றுப் பொறுக்க முடியாமல் பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனேன். இர்ஷானா சொல்லும் வரை பார்த்திருக்க என்னால் முடியவில்லை, நானே றம்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். ஏசுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன், ஏசியிருந்தால் எனக்கும் ஆறியிருக்கும். அவள் கேட்டது வேறு. ஏன்கா பீற்றிஸ், புள்ளைக்கு அங்க கஷ்டமா, அவன் வாய் விட்டுச் சொல்ற ஆளில்லையே, டியூசன் விட்டு இஞ்ச வந்தாலும் பசிக்குது எண்டு கேக்க மாட்டான், நானாப் பாத்துத்தானே குடுப்பன் என்றாள். கஞ்சி கொண்டு போ என்று ஒரு போத்தலில் ஊற்றித் தந்தாள், பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த வெள்ளை எழுத்தை இந்தக் கடிதம் கண்டவுடனே எடு. இந்தக் கிழமை முடிவில் பெருநாள், முட்டை அதற்கு மேல் தாங்காது. இர்ஷானாவிடம் கேட்டு அவர்களுக்கும் நல்லதாய் ஒரு பக்கம் செய்து கொடு, அதற்குள் என் பெயரை ஒளித்து வைக்க வேண்டாம். குளிருக்குக் காதை மூடிக்கொள், வெள்ளிக்கிழமையில் சிலுவைப்பாதைக்குப் போ, கடையில் வாங்கியே வயிற்றை நிரப்பாதே. ஆண்டவர் உன்னை நேர்வழியில் நடத்துவார், மாதா உன் பக்கத்தில் இருப்பா.

றம்லாவுக்கு நீயே போன் எடுத்துப் பேசு மகன், மறக்காதே. கஷ்டம் என்றால் கஷ்டம் என்றே சொல், அவளிடம் உனக்கு வெட்கம் வேண்டாம், நாங்களும் இங்கே ஏதாவது பார்ப்போம். கஷ்டம் ஒன்றும் இல்லாமலே இதைச் செய்தேன் என்று நீ சொன்னால்தான், அதை நான் எப்படித் தாங்குவேன் என்று தெரியவில்லை.

உன் அம்மா,
பீற்றிஸ் ஜெயராஜா