அசையாத கப்பல்

வெள்ளவத்தை
மாசி, 2008

அன்புள்ள மகள் தர்சினிக்கு,

நானும் அப்பாவும் தம்பியும் முருகன் புண்ணியத்தில் இருக்கிறோம். நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும். போனில் இதைக் கதைக்கப் பயம், யார் யார் கேட்கிறார்களோ தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன். தம்பி யதுசன் முகத்துவாரப் பக்கம் கப்பலோட்டப் படிக்கப் போவது உனக்குத் தெரியும்தானே. அங்கே கப்பல் ஒன்றும் கிடையாது. ஓர் அறை, சுற்றிவரப் பெரிய திரைகள், அதில் கடல். தரை கொஞ்சமும் அசையாதாம், ஆனால் திரையில் அலை எழும்ப இவனுக்குத் தலை சுற்றி வயிற்றைப் பிரட்டுகிறது. கண் ஓடுறம் என்கிறதாம், உடம்பு நிக்கிறம் என்கிறதாம், அந்தச் சண்டைதான் இது என்று வாத்தியார் சொன்னாராம். வீட்டுக்கு வந்த பிறகும் குடித்தவன் மாதிரிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். இஞ்சி கொடுத்தேன், தேசிக்காய் மணக்கக் கொடுத்தேன், ஒன்றுக்கும் கேட்கவில்லை. விட்டுவிடு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இதைப் பாஸ் பண்ணினால்தான் கப்பல் ஏறலாம், கப்பல் ஏறினால்தான் இங்கிருந்து தப்பலாம். பக்கத்து லேனில் வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டு போன பெடியனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை.

போன கிழமை வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது கொள்ளுப்பிட்டியில் அவனுக்கு வாந்தி வந்துவிட்டது. மானம் பார்க்கிற பிள்ளை, பையைச் சீற்றிலேயே விட்டுவிட்டுக் குதித்து இறங்கி ஓடியிருக்கிறான். தமிழ்ப் பெடியன் பையை விட்டுவிட்டு ஓடினால் இந்தக் காலத்தில் என்ன நினைப்பார்கள்? குண்டு என்று கத்திக்கொண்டு பஸ் முழுக்க விழுந்தடித்து இறங்கியதாம். ஆமிக்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு வர, இவன் மதிலைப் பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டு நிற்கிறான், ஐடென்டிக் கார்ட் பைக்குள். நல்ல காலம், சந்தி மருந்துக்கடை ஹெக்டர் ஐயாவும் அதே பஸ்ஸில் வந்தார். தெரிந்த பிள்ளை, உடம்பு சுகமில்லாத வருத்தக்காரன் என்று சிங்களத்தில் கெஞ்சி அவர்தான் மீட்டு வந்தார். பெயர், விலாசம் எழுதிக்கொண்டுதான் விட்டார்கள். அதன் பிறகு பின்னேரங்களில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் கேற்றுக்கு முன்னால் நிற்கிறான். ஒன்றும் கேட்பதில்லை. அப்பா காணாத மாதிரிப் பேப்பர் வாசிக்கிறார், நான் யன்னலைச் சாத்திவிட்டு இடுக்கால் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்றைக்குத் தம்பிக்குச் சோதனை. புயலுக்குள் கப்பலை ஓட்டிக் காட்ட வேண்டுமாம். கார்டைச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்து ஊசி குத்திவிட்டேன். வாந்தி வந்தால் உன் மடியிலேயே எடு ராசா, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரு, இடையில் இறங்காதே என்று சொன்னேன். சுத்தமாக இரு என்று சொல்லி வளர்த்த வாயாலேயே அதைச் சொன்னேன் பிள்ளை.

நீ வேலையால் வந்ததும் சூடாகச் சாப்பிடு, தலையை மூடாமல் வெளியே போகாதே. தம்பி வந்து தன் கையால் எழுத அடியில் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் அந்த முருகன் துணை நிற்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
பாலேஸ்வரி

பி.கு: பஸ்கள் லைற் போட்டுவிட்டன. தம்பி இன்னும் வரவில்லை. இன்றைக்கு அந்த மோட்டார் சைக்கிளையும் காணவில்லை.